வேலி ஏன் பயிரை மேய்ந்தது?

(தலைப்பு: தடுப்பூசி என்றால் மக்கள் தயங்குவதற்குக் காரணம் அறியாமையா? அனுபவமா? பாடாலூர்ப் பட்டிமன்ற மேடையில் 'அனுபவமே' என்ற அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணியின் தோழர்களே! "அறியாமை, அறியாமை" என்று அரைமணி நேரம் முழங்கிவிட்டு, இப்போது ஒன்றும் அறியாதவர்களைப் போலத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) வெங்காயக் காட்டு வேலையை முடித்துவிட்டு, கை கால் கழுவின ஈரம்கூடக் காயாமல் வந்து உட்கார்ந்திருக்கிற பாடாலூர்ப் பெருமக்களே! வீட்டிலே குக்கர் விசில் எண்ணிக்கொண்டே தொலைக்காட்சியில் எங்களைப் பார்க்கப்போகிற தாய்மார்களே! 

எதிரணித் தலைவி அம்மா என்ன சொன்னாங்க? "படிக்காத ஜனங்கதான் ஊசிக்குப் பயப்படுறாங்க. படிச்சுட்டா பயம் போயிடும்" என்றார்கள். அப்படியா? 2021-ல் கொரோனா ஊசி வந்ததே, நினைவிருக்கா? முதல் நாள் வரிசையில் முன்னால் நின்றவர் யார், பின்னால் நின்றவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு பட்டம் வாங்கினவர்கூட, "நீங்க முன்னாடி போங்க சார், நான் வர்றேன்" என்று மரியாதையாக வழிவிட்டார். (சிரிப்பு) போட்டுக்கொண்டு வந்தவரிடம், "எப்படி இருக்கு? கை வலிக்குதா? தலை சுத்துதா?" என்று விசாரித்துவிட்டு, "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று வீட்டுக்குப் போனார். அவர் படிக்காதவரா அம்மா?

நடுவர் அவர்களே! பயம் ஒன்றும் ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்று நம் பாட்டி சொன்னாளே, அந்தப் பூனை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது? அதற்கு இருப்பது அறியாமையா? சூடு பட்ட அனுபவம்! (கைதட்டல்)

நம் மக்களுக்கு எங்கே சூடு பட்டது? அதை நான் சொல்லமாட்டேன். இந்தக் கூட்டத்தையே கேட்கிறேன். அய்யா, அந்தத் துண்டு போட்ட பெரியவரே! உங்க காலத்தில் நாய் கடிச்சா எத்தனை ஊசி? ("பதினாலு!" என்று கூட்டத்திலிருந்து பல குரல்கள்.) எங்கே போடுவாங்க? ("தொப்புளைச் சுத்தி!") பார்த்தீர்களா நடுவர் அவர்களே! பரீட்சையில் ஒரே மாதிரி விடை வந்தால் காப்பி அடித்தார்கள் என்று சொல்லலாம். ஒரு ஊரே ஒரே மாதிரி விடை சொன்னால் அதற்குப் பெயர் அனுபவம். (பலத்த கைதட்டல்)

அந்தப் பதினாலு ஊசியின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். குழந்தைகளும் கேளுங்கள்.

1885-ஆம் ஆண்டு ஜூலை மாதம். பாரீசில் லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானியிடம் ஒன்பது வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வருகிறார்கள். வெறிநாய் கடித்துக் குதறிய குழந்தை. பெயர் ஜோசப் மைஸ்டர். அன்றைக்கு அந்த நோய்க்கு மருந்து இல்லை. வெறிநோய் வந்துவிட்டால் இன்றைக்குக்கூடப் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாஸ்டர், நோயுள்ள முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, அதிலிருந்து செய்த மருந்தைப் போட்டார். பையன் பிழைத்தான். உலகமே கொண்டாடியது.

நம் நாட்டில் இமயமலைப் பக்கம் கசௌலி என்று ஓர் ஊர். அங்கே 1900-ல் நாய்க்கடிக்கு மருத்துவமனை தொடங்கினார்கள். தென்னாட்டில் ஒருவரை நாய் கடித்தால் கசௌலிக்குப் போகவேண்டும். பாடாலூரிலிருந்து கசௌலிக்கு ரயில் ஏறி, மாறி மாறிப் போய்ச் சேருவதற்குள் விஷம் தலைக்கு ஏறிவிடும். 1902-ல் ஒரு ஆங்கிலேயப் பெண்ணே இந்த நோயால் இறந்தபிறகுதான் தெற்கேயும் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடை உதவியது. 1907-ல் நம்முடைய குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. நீலகிரிக்குச் சுற்றுலா போகிறீர்களே, சிம்ஸ் பூங்காவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறீர்களே, அதே ஊரில்தான் அந்த நிலையம் இருக்கிறது. ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். தென்னாட்டில் எத்தனையோ உயிர்களைக் காத்த இடம் அது.

கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர், 1911-ல் ஒரு புது முறையை வெளியிட்டார். வெறிநோய்க் கிருமி எங்கே நன்றாக வளரும்? நரம்பிலும் மூளையிலும்தான். ஆகவே ஆட்டின் மூளையில் கிருமியை வளர்த்து, அந்த மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று, அந்தக் கலவையை மனிதனுக்கு ஊசியாகப் போட்டார்கள். அதுதான் நம்ம பதினாலு ஊசி! மருந்தின் அளவு அதிகம். அதை வாங்கிக்கொள்ள இடம் வேண்டாமா? அதனால்தான் வயிறு. "இங்கே இடம் தாராளமா இருக்கே" என்று நடுவரைப் பார்த்து நான் சொல்லமாட்டேன். (நடுவர் உட்பட எல்லாரும் சிரிப்பு)

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஆனால் சிலருக்கு, ஊசி போடத் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில், கால் மரத்தது. எழுந்து நிற்க முடியவில்லை. சிறுநீர் போக முடியவில்லை. சிலருக்குக் காய்ச்சலும் குழப்பமும் வந்தது. சிலர் தேறினார்கள். சிலர் முடமானார்கள். சிலர் இறந்தே போனார்கள். நாய்க்கடியால் இல்லை, நாய்க்கடிக்குப் போட்ட ஊசியால்! எத்தனை பேருக்கு? ஊருக்கு ஊர் கணக்கு மாறியது. சில நூறு பேரில் ஒருவர் என்றும் எழுதியிருக்கிறார்கள், சில ஆயிரம் பேரில் ஒருவர் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்து அப்பாவின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிள்ளையை நாய் கடித்துவிட்டது. நாய் ஓடிவிட்டது. அது வெறிநாயா, சும்மா தெருநாயா, தெரியாது. வெறிநாயாக இருந்து ஊசி போடாவிட்டால் பிள்ளை செத்துப்போகும். சும்மா நாயாக இருந்து ஊசி போட்டு, அந்த ஊசியால் பிள்ளைக்குக் கால் விழுந்துவிட்டால்? எந்தப் பக்கம் போனாலும் பள்ளம். அந்தத் தகப்பன் மருத்துவமனை வாசலில் நின்று தயங்கினானே, அதற்குப் பெயர் அறியாமையா? எதிரணி நண்பர்களே, மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்! (நீண்ட கைதட்டல்)

ஏன் அப்படி ஆனது? டாக்டர்கள் இதற்குப் பெரிய பெரிய பேர் வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர்ப் பழமொழி ஒன்று போதும். வேலியே பயிரை மேய்ந்தது!

நம் உடம்புக்குள்ளே ஒரு காவல்படை இருக்கிறது. நோய் எதிர்ப்பு சக்தி என்கிறோம். வெளியிலிருந்து கிருமி வந்தால் அடையாளம் பார்த்து அடித்து விரட்டும். வெங்காயக் காட்டைச் சுற்றி வேலி போடுகிறோமே, அதுபோல. அந்த வேலியே உள்ளே திரும்பி நம் பயிரை மேய்ந்தால்? அதுதான் தன்னுடல் தாக்கு நோய்.

நரம்பு எப்படி இருக்கும் தெரியுமா? கரண்டு ஒயர் மாதிரி. உள்ளே செம்புக் கம்பி, மேலே பிளாஸ்டிக் உறை. நரம்புக்கும் மேலே ஓர் உறை உண்டு. மயலின் என்று பெயர். அந்த உறை கிழிந்தால் கரண்டு போகாது. மூளை "நட" என்று உத்தரவு போடும், காலுக்குச் செய்தி போய்ச் சேராது. நம்ம வீட்டில் பையனை எழுப்புகிற மாதிரி. அம்மா இங்கிருந்து கத்துவார், அங்கே ஒன்றும் போய்ச் சேராது. (சிரிப்பு) ஆனால் பையன் நடிக்கிறான். இது உண்மையான நோய்.

இந்த ஊசியில் என்ன இருந்தது? செத்த கிருமி மட்டுமா? கூடவே ஆட்டு மூளை, அதிலே ஆட்டின் மயலின். நம் காவல்படை என்ன செய்தது? கிருமியைப் பிடித்தது, சரி. கூட வந்த ஆட்டு மயலினையும், "இவனும் வெளியூர்க்காரன், பிடி" என்று அடையாளம் எடுத்துக்கொண்டது. ஆட்டின் மயலினும் மனிதனின் மயலினும் ஏறக்குறைய ஒரே சாயல். படை திரும்பிப் பார்த்தது, உள்ளூரிலும் அதே சாயலில் ஒருத்தன் நிற்கிறான். விடுமா? நம் நரம்பையே அடித்தது.

"ஆட்டு மூளையை நாங்க ஞாயித்துக்கிழமைதோறும் வறுத்துச் சாப்பிடுறோமே, எங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று ஒருவர் அங்கே கேட்கிறார். நல்ல கேள்வி! வாய் வழியாகப் போனால் வயிறு அதைத் துண்டு துண்டாக்கிச் செரித்துவிடும். அடையாளமே மிஞ்சாது. வாய் வழியாகப் போனால் வறுவல், ஊசி வழியாகப் போனால் வழக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

இது நானாகச் சொல்கிற கதை இல்லை. 1933-ல் நியூயார்க்கில் ராக்பெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனை செய்தார்கள். நோயே இல்லாத முயலின் மூளையை எடுத்து, குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசி போட்டார்கள். கிருமியே கிடையாது, வெறும் மூளை. அப்படியும் சில குரங்குகளுக்குக் கை கால் விழுந்தது. குற்றவாளி கிருமி இல்லை, மூளைக் கலவைதான் என்பது புரியத் தொடங்கியது. பிறகு 1987-ல் தாய்லாந்து மருத்துவர் திரவத் ஹேமச்சுதாவும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, இந்த ஊசியால் பாதிக்கப்பட்டவர்களின் உடம்பிலேயே மயலின் புரதத்துக்கு எதிரான அடையாளங்களைக் காட்டினார்கள்.

கவனியுங்கள் நடுவர் அவர்களே! "ஊசி போட்டேன், கால் விழுந்தது" என்று முதலில் சொன்னவன் விஞ்ஞானி இல்லை. நோயாளி! பாமரன்! அவன் அனுபவத்தைத்தான் விஞ்ஞானம் பின்னால் போய் நிரூபித்தது. "நீ படிக்காதவன், உனக்கு என்ன தெரியும்" என்று அன்றைக்கு எல்லாரும் அவன் வாயை மூடியிருந்தால், காரணம் தெரிந்திருக்குமா? (கைதட்டல்)

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. தென்னமெரிக்காவில் சிலி நாட்டில் 1950-களில் ஒரு யோசனை செய்தார்கள். பிறந்த எலிக்குஞ்சின் மூளையில் மயலின் உறை இன்னும் சரியாக வளர்ந்திருக்காது. அதில் கிருமியை வளர்த்தார்கள். ஆபத்து குறைந்தது. அப்புறம் மூளையே வேண்டாம் என்று, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிற செல்களில் கிருமியை வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். மூளை இல்லை, மயலின் இல்லை, வேலி குழம்பவும் இல்லை.

ஆனால் அந்த நல்ல ஊசி நம் ஏழைக்கு எப்போது கிடைத்தது? இதுதான் நெஞ்சைச் சுடுகிற இடம். புது ஊசி வந்துவிட்டது. பணம் இருந்தவர் கடையில் வாங்கிக் கையில் போட்டுக்கொண்டார். பணம் இல்லாதவர் அரசு மருத்துவமனையில் வயிற்றைக் காட்டினார். நாய் பணக்காரனையும் ஏழையையும் ஒரே பல்லால்தான் கடித்தது. ஊசிதான் இரண்டு விதமாக இருந்தது! (பலத்த கைதட்டல்) ஆட்டு மூளை ஊசியை நம் நாடு முழுவதுமாக நிறுத்தியது எப்போது தெரியுமா? 2004 டிசம்பரில். 1933-ல் குரங்கு காட்டிக் கொடுத்தது, 1987-ல் மனிதனின் ரத்தம் காட்டிக் கொடுத்தது, 2004-ல்தான் நிறுத்தினோம். இந்தக் கூட்டத்தில் முப்பது வயது தாண்டியவர்கள் எத்தனை பேர் அந்த ஊசியைப் பார்த்திருப்பீர்கள்! இதற்குப் பிறகும் மக்களுக்குத் தயக்கம் இருக்கக்கூடாது என்றால் எப்படி?

எதிரணியில் தம்பி ஒருவர் குறித்துக்கொண்டே இருக்கிறார். "அது பழைய கதை, புது ஊசிக்கு வாங்க" என்று கேட்கப்போகிறார். வருகிறேன் தம்பி.

கில்லன் பாரே என்று ஒரு நோய். 1916-ல் பிரான்சில் கண்டு எழுதியவர்களின் பெயர். டாக்டர்கள் ஜி.பி.எஸ். என்பார்கள். பாதத்தில் மதமதப்பு தொடங்கும். அடுத்த நாள் முழங்கால். அப்புறம் தொடை, கை. சிலருக்கு மூச்சுத் தசை வரைக்கும் ஏறிவிடும். இதுவும் வேலி பயிரை மேய்கிற நோய்தான். 1976-ல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் வரப்போகிறது என்று அவசரமாக நாலரைக் கோடிப் பேருக்கு ஊசி போட்டார்கள். லட்சம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் கூடுதலாக இந்த நோய் வந்தது. டிசம்பரில் அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். பயந்த மாதிரிக் கொள்ளைநோய் வரவே இல்லை. கொரோனாவுக்கு நம்மில் பலர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு இருக்கிறதே, அதே மருந்து ஐரோப்பாவில் வேறு பெயரில் வந்தது. 2021-ல் அங்கே மருந்துக் கண்காணிப்பு அமைப்பு, "மிக அரிதான பக்கவிளைவு" என்று இந்த ஜி.பி.எஸ்.ஸை எழுதிச் சேர்த்தது.

"என்னங்க, நம்ம ஊசிக்கு எதிரா பேசுறாரே" என்று சில தாய்மார்கள் முகம் மாறுவது எனக்குத் தெரிகிறது. அம்மா, பாதிக் கதையில் எழுந்து போகாதீர்கள். அனுபவம் என்றேனே தவிர, பாதி அனுபவம் என்று நான் சொல்லவில்லை. இனி மறுபாதி.

இங்கிலாந்தில் 2021-ல் கோடிக்கணக்கான மக்களின் மருத்துவக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஊசி போட்டதால் கூடுதலாக ஜி.பி.எஸ். வந்தது எத்தனை பேருக்கு? 1 கோடிப் பேரில் 38 பேருக்கு. சரி, கொரோனா நோயே வந்தவர்களுக்கு? அதே 1 கோடிப் பேரில் 145 பேருக்கு! ஊசி 38, நோய் 145. ஊசியைப் பார்த்துப் பயந்து நோயின் வாயில் போய் விழுவது, நாய்க்குப் பயந்து கிணற்றில் குதித்த கதை. (கைதட்டல்)

தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டம்மை வந்த குழந்தைகளில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றுக்கு, நோய்க்குப் பின்னால் வேலி திரும்பி மூளையைத் தாக்குகிறது. ஊசி போட்ட குழந்தைகளில் அது பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் பேசப்படுகிறது. ஆயிரம் எங்கே, பத்து லட்சம் எங்கே!

வேலி பயிரை மேய ஊசிதான் வேண்டும் என்பது இல்லை. இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண வயிற்றுப்போக்குக் கிருமி போதும். கேம்பைலோபேக்டர் என்று ஒரு பாக்டீரியா. கெட்ட தண்ணீரிலும் சரியாக வேகாத கோழிக்கறியிலும் இருக்கும். அதன் மேல்தோலில் இருக்கிற ஒரு சர்க்கரைப் பொருள், நம் நரம்பில் இருக்கிற பொருளைப் போலவே இருக்கிறது. திருடன் நீலச் சட்டை போட்டிருந்தான். போலீசு திருடனை விரட்டிக்கொண்டு வந்தது. அங்கே நம்ம வாத்தியாரும் நீலச் சட்டையில் நின்றார். அடி யாருக்கு விழும்? (சிரிப்பு) 2025 தொடக்கத்தில் மகாராஷ்டிரத்துப் புனே நகரத்தில் 200 பேருக்கு மேல் ஜி.பி.எஸ். சந்தேகத்தில் மருத்துவமனைக்குப் போனார்களே, பத்திரிகையில் படித்தீர்களே. அங்கே காரணமாகச் சுட்டப்பட்டது ஊசி இல்லை, குடிதண்ணீர்! ஜிகா வைரஸ், சிக்குன்குனியா, டெங்கு, இவற்றுக்குப் பின்னாலும் இந்த நோய் வந்த வரலாறு உண்டு. ஊசி மேல் வைக்கிற சந்தேகத்தில் பாதியைத் தண்ணீர்த் தொட்டி மேலும், கொசு மேலும் வைத்தால் நாடு உருப்படும்! (கைதட்டல்)

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கணக்கு. ஜி.பி.எஸ். நோய் எந்த ஊசியும் இல்லாமலே ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இரண்டு பேருக்கு வருகிறது. 2011 கணக்கெடுப்பில் நம்ம பெரம்பலூர் மாவட்ட மக்கள்தொகை 5 லட்சத்து 65 ஆயிரம். அப்படியானால் இந்த ஒரு மாவட்டத்திலேயே, யாருக்கும் ஒரு ஊசியும் போடாவிட்டாலும், ஆண்டுக்கு ஐந்திலிருந்து பத்துப் பதினொரு பேருக்கு வரலாம். அந்த ஆண்டில் மாவட்டம் முழுக்க ஊசி போட்டால், அந்தப் பத்துப் பேரில் பாதிப் பேராவது ஊசி போட்டவராகத்தானே இருப்பார்? உடனே "ஊசியால்தான்" என்று பனம்பழத்துக்குக் காக்கையைப் பிடித்து ஜெயிலில் போட முடியுமா? ஒருத்தர் அனுபவத்தை வைத்து நியாயம் சொல்ல முடியாது. அதைக் கேட்க வேண்டும், எழுத வேண்டும், ஆயிரம் பேர் அனுபவத்தோடு சேர்த்து எண்ண வேண்டும். எண்ணிப் பார்த்த அனுபவத்துக்குப் பெயர்தான் விஞ்ஞானம்! (பலத்த கைதட்டல்)

பயந்துபோயிருக்கும் வீட்டாருக்கு ஒரு ஆறுதல். இந்த மாவட்டத்திலே சாத்தனூரில் பல கோடி வருஷத்துக்கு முந்தின மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது, பார்த்திருப்பீர்கள். அந்த மரம் இனிமேல் துளிர்க்காது. ஆனால் ஜி.பி.எஸ். வந்து கல் மாதிரி அசையாமல் படுத்தவர்களில் பெரும்பாலோர் திரும்ப எழுந்து நடக்கிறார்கள். நரம்பின் உறை மறுபடி வளரும். அதற்கு மருத்துவம் உண்டு. ஆனால் நேரத்தோடு போகவேண்டும். பாதத்தில் மதமதப்பு தொடங்கி மேலே ஏறுகிறது என்றால், "காத்து பட்டிருக்கும், எண்ணெய் தேய்ச்சா சரியாகும்" என்று நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன்பே இந்த நோய் வந்தவர் வீட்டில் இருந்தால், அடுத்த ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நாய் கடித்தால்? முதலில் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், மிளகாய்ப்பொடி வேண்டவே வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இன்றைக்கு வயிறும் இல்லை, பதினாலும் இல்லை, ஆட்டு மூளையும் இல்லை. நாலைந்து நாள் போய்க் கையில் போட்டுக்கொண்டால் முடிந்தது. கடி ஆழமாக இருந்தால் காயத்திலேயே போடுகிற மருந்தும் உண்டு, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். உலகத்தில் இன்னும் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் சாகிறார்கள். அதில் நம் நாட்டின் பங்கு பெரிது. பாதிக்குமேல் ஏழைகள், நிறையக் குழந்தைகள். ஊசி இல்லாததால் மட்டும் சாகவில்லை. "அந்தப் பதினாலு ஊசியா? அய்யோ!" என்று பாட்டி சொன்ன பழைய பயம் இன்னும் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு வழிமறிப்பதாலும் சாகிறார்கள். ஊசி மாறிவிட்டது. பயம் மாறவில்லை. ஏன் மாறவில்லை?

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே நிமிஷம் அய்யா! (சிரிப்பு)

ஏன் மாறவில்லை என்றால், பழைய ஊசியில் என்ன குறை, அதை ஏன் மாற்றினோம் என்று அந்தப் பாட்டியிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை! சுகாதார நிலையத்துக்கு ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். "ஊசி போட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்கிறாள். நாம் என்ன சொல்கிறோம்? "ஒண்ணும் ஆகாது, கையைக் காட்டு!" அன்றைக்கு ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால், அவள் அடுத்த ஊசிக்கு வருவாளா? அவளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். "அம்மா, இன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வரலாம். ரெண்டு நாளில் போயிடும். லட்சத்தில், பத்து லட்சத்தில் ஒருத்தருக்குப் பெரிய தொந்தரவு வரலாம். வந்தா இந்த இந்த அடையாளம் தெரியும், உடனே எங்கிட்ட தூக்கிட்டு வா. ஆனா நோய் வந்தா ஆபத்து அதைவிடப் பல மடங்கு." இப்படிச் சொன்னால் அவள் ஓடமாட்டாள். கையை நீட்டுவாள். நம் தாய்மார்களுக்குக் கணக்குத் தெரியும் அய்யா! மாசம் முழுக்க ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவளுக்கு, ஆயிரத்துக்கும் பத்து லட்சத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? (நீண்ட கைதட்டல்)

எதிரணி நண்பர்களே! அறியாமை என்று சொன்னால் நம் வேலை சுலபம். அவர்களைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அனுபவம் என்று ஒத்துக்கொண்டால் நமக்கு வேலை இருக்கிறது. அவர்கள் பட்டதைக் கேட்க வேண்டும். குறை இருந்தால் குறை என்று சொல்ல வேண்டும். மறுபாதியையும் எடுத்துக் காட்ட வேண்டும். வேலி பயிரை மேய்ந்தது என்றால் வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெள்ளாமை செய்ய முடியுமா? மறுநாளே ஊர் மாடெல்லாம் உள்ளே இருக்கும். வேலி ஏன் மேய்ந்தது என்று பார்த்து, நல்ல வேலியாகப் போட வேண்டும். ஆட்டு மூளை ஊசியை எடுத்துவிட்டு நல்ல ஊசியைக் கொண்டுவந்தார்களே, அதுதான் அந்த நல்ல வேலி. அந்த வேலியைக் கட்டச் சொல்லிக் கொடுத்தது எது? கால் மரத்துப்போனவன் சொன்ன சொல். அவன் பட்ட அனுபவம்!

ஆகவே, மக்களின் தயக்கத்துக்குக் காரணமும் அனுபவமே, அந்தத் தயக்கத்தைத் தீர்க்கப்போவதும் முழு அனுபவமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)